மாஞ்சோலையைத் திறந்தவளுக்குப் பட்டா எங்கே?

தோழர்களே, அமெரிக்காவின் மேற்கு எல்லையில் குடியேறிய பெண்களைப் பற்றி எத்தனை சினிமா, எத்தனை புத்தகம்! வண்டி கட்டி மலை தாண்டினார்கள், துப்பாக்கி பிடித்தார்கள், தரிசைக் கழனியாக்கினார்கள். அதனால் அவர்கள் முன்னோடிகளாம். பாவூர்சத்திரத்தில் நம் வாசிப்பு வட்டத்துக்கு வரும் மாணவர்களும் இந்தக் கதைகளை விரும்பித்தான் படிக்கிறார்கள். படிக்கட்டும். ஆனால் பக்கத்தில், மணிமுத்தாறுக்கு மேலே இருக்கிற மாஞ்சோலையைத் திறந்த பெண்களில் ஒருத்தியின் பெயராவது நமக்குத் தெரியுமா?

அங்கே பெயர் நிலைத்ததற்கு வீரம் மட்டும் காரணமில்லை, காகிதமும் இருந்தது. 1862-இல் வந்த குடியேற்ற நிலச் சட்டம், ஐந்து ஆண்டு தங்கிப் பயிரிட்டவருக்கு 160 ஏக்கர் வரை கொடுத்தது. கணவன் இல்லாத பெண்ணும் தன் பெயரில் கேட்கலாம். (அது பூர்வகுடிகளிடம் பிடுங்கிய நிலம் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.) அடிமையாகப் பிறந்த பிரிட்ஜெட் மேசன், எசமானின் வண்டிகளுக்குப் பின்னால் ஆடுமாடு ஓட்டிக்கொண்டு மிசிசிப்பியிலிருந்து நடந்தே மேற்கே போனவர். 1856-இல் நீதிமன்றத்தில் விடுதலை பெற்றார். மருத்துவச்சியாக உழைத்துச் சேர்த்த காசில் 1866-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 250 டாலருக்கு மனை வாங்கினார். பத்திரம் இருந்ததால் பெயரும் இருக்கிறது.

இங்கே? 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் சுமார் 8,374 ஏக்கர் காட்டை பாம்பே பர்மா கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. மரம் வெட்டி, குழி தோண்டி, தேயிலைக் கன்று நட்டது சமவெளியிலிருந்து கூட்டிப்போன சனம், பெரும்பாலும் தலித்துகள். அட்டைக்கடியிலும் அடைமழையிலும் கொழுந்து பறித்தது பெண்கள். லயத்திலேயே பிள்ளை பெற்று, வளர்த்து, கட்டிக்கொடுத்தார்கள். ஒரு சென்ட் பட்டா இல்லை.

கூலி உயர்வு கேட்டுச் சிறைக்குப் போன தொழிலாளர்களை விடுவிக்கச் சொல்லி 1999 ஜூலை 23-இல் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களைக் காவல்துறை அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியது. செத்தவர்கள் 17 பேர். பெண்களும் உண்டு, கைக்குழந்தையும் உண்டு. 2024-இல் கம்பெனி, விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டைக் காலி செய்யச் சொன்னது. யாருடைய விருப்பம்?

புலிகள் காப்பகம், காடு காடாகவே ஆகட்டும் என்கிறார்கள் சிலர். காடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அந்த மலையில் காணிக்காரர்களுக்கு நமக்கு முந்திய உரிமை உண்டு என்பதையும் மறுக்கவில்லை. குத்தகை விட்ட ஜமீனையும் லாபம் எடுத்த கம்பெனியையும் விட்டுவிட்டு, கூலிக்கு நின்றவளைக் காட்டுக்கு எதிரி என்கிறீர்களே, அதைத்தான் எதிர்க்கிறோம்.

மலையில் முடியாதென்றால் சமவெளியில் கொடு. 1892-இல் ஒதுக்கிய பஞ்சமி நிலம் இன்று யார் கையில் இருக்கிறது? அதை மீட்டு, அடுக்குமாடியில் ஓர் அறையாக அல்ல, விளைநிலமாக, பெண்கள் பெயரிலேயே பட்டா போடு.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. மலையிறங்கிய பாட்டிகளைத் தேடிப் போங்கள். எந்த ஆண்டு ஏறினார்கள், நாளைக்கு எத்தனை கிலோ பறித்தார்கள் என்று கேட்டு, அவர்கள் சம்மதித்தால் பெயரோடு எழுதுங்கள். சம்பளச் சீட்டு, பி.எஃப். அட்டை எது இருந்தாலும் படம் எடுத்து வையுங்கள். குத்தகை முடிவது 2028 பிப்ரவரியில். அதற்குள் இந்தக் காகிதம் நம் கையில் இருக்க வேண்டும்.