கம்பி இழுத்தவரைக் காவலராக்க வேண்டாம்

2012 மே மாதம் விமியோ தளத்தைத் திறந்த பலருக்கு வீடியோ வரவில்லை. நீதிமன்ற உத்தரவுப்படி இந்தத் தளம் தடை செய்யப்பட்டுள்ளது என்ற ஒற்றை வரிதான் திரையில் வந்தது. ‘3’ திரைப்படத்தின் திருட்டு நகல் பரவாமலிருக்க அதன் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற இடைக்காலத் தடையின் விளைவு அது. திருடியவர்கள் யாரென்று தெரியாததால் அவர்களுக்கு ‘அசோக் குமார்’ என்று பெயரிட்டு, பி.எஸ்.என்.எல். உள்ளிட்ட இணையச் சேவை நிறுவனங்களையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்திருந்தார்கள். எது திருட்டு நகல் என்று தேடிப் பிரிக்க நிறுவனங்களுக்கு நேரமும் இல்லை, அவசியமும் இல்லை. தளங்களையே ஒட்டுமொத்தமாக மூடின. சொந்தக் குறும்படத்தை விமியோவில் ஏற்றிவைத்திருந்த இளைஞருக்கும் கதவு சாத்தப்பட்டது. திருட்டு நகல் உள்ள குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும் என்று ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்திய பிறகே நிலைமை சீரானது.

பயனர் செய்யும் குற்றத்துக்கு வழி கொடுத்தவரைப் பொறுப்பாக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. தடுத்தால் கேள்வி இல்லை, விட்டுவைத்தால் வழக்கு என்ற நிலையில் எந்த நிறுவனமும் தடுக்கத்தான் செய்யும். பயனருக்காக அது ஏன் நீதிமன்றப் படியேற வேண்டும்?

வழக்கு வரும் என்ற இந்த அச்சம் வெறும் கற்பனையன்று. 2004-இல் பாஸி.காம் தளத்தில் யாரோ ஒருவர் ஆபாச வீடியோவை விற்பனைக்குப் போட, தளத்தின் தலைமை அலுவலரே கைதானார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு விரிவாகத் திருத்தப்பட்டதற்கு அந்த வழக்கும் ஒரு காரணம். தகவலைத் தானே அனுப்பாமல், பெறுநரைத் தேர்ந்தெடுக்காமல், உள்ளடக்கத்தில் கைவைக்காமல், சட்டம் சொல்லும் கவனத்தோடு நடந்துகொள்பவருக்கு அந்தப் பிரிவு பாதுகாப்பு தருகிறது. நீதிமன்றமோ அரசோ உத்தரவிட்ட பிறகும் நீக்காவிட்டால்தான் அந்தப் பாதுகாப்பு போகும் என்று 2015-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. சரியான கோடு அது.

சிறு கடைக்காரர்களுக்கோ அந்த நாளிலேயே சுமை கூடுதல். பிரவுசிங் சென்டர் நடத்தியவர் வாடிக்கையாளரின் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், பதிவேட்டை ஓராண்டு காக்க வேண்டும், கணினி இருக்கைகளுக்கு இடையிலான தடுப்பு நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது என்றன 2011 விதிகள். மணிக்குச் சில ரூபாய் வாங்கிய கடைக்காரரின் தலையில் போலீஸ் வேலையையும் ஏற்றினார்கள்.

இப்போது அரசு கையில் வைத்திருக்கும் கருவி ‘சஹ்யோக்’ இணையவாசல். அதன் வழியே மத்திய, மாநில அதிகாரிகள் நீக்கல் உத்தரவுகளை நேரடியாக அனுப்புகிறார்கள். இதை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. அடுத்த மாதமே வந்த விதித் திருத்தம், இணைச் செயலாளர் அல்லது டி.ஐ.ஜி. நிலை அதிகாரிகளே உத்தரவிடலாம், காரணத்தையும் எழுத வேண்டும் என்றது. நல்ல மாற்றம், ஆனால் போதாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழான தடைக்குக் குழு உண்டு, விசாரணை உண்டு. அந்தப் பாதுகாப்புகள் இருந்ததால்தான் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ஏற்றது. அதே வேலையை 79-ஆம் பிரிவு வழியாக, எழுதியவருக்கு ஒரு நோட்டீஸ்கூட இல்லாமல் செய்வது முறையல்ல.

ஆனால், அந்தரங்கப் படம் பரவிய ஒரு பெண்ணிடம் போய் நீதிமன்ற உத்தரவு வரட்டும் என்று சொல்ல முடியாது. அவருடைய புகாரின் பேரில் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021 விதிகள் வகுத்தது முழுக்க நியாயம். அங்கே பாதிக்கப்பட்டவர் கண்முன் இருக்கிறார், தீங்கும் தெரிகிறது. ஓர் அரசியல் விமர்சனத்துக்கும் அதே வேகம் பொருந்தும் என்பதைத்தான் ஏற்க முடியாது.

எனவே மத்திய அரசு விதிகளை மீண்டும் திருத்த வேண்டும். சஹ்யோக் வழியே செல்லும் ஒவ்வொரு உத்தரவும், எழுதியவருக்குத் தகவலும் பதில் சொல்ல வாய்ப்பும் தந்த பிறகே செல்ல வேண்டும். அவசரம் என்றால் நீக்கிய உடனேயாவது தர வேண்டும். உத்தரவுகளும் அவற்றுக்கான காரணங்களும் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடப்பட வேண்டும்.