விடியற்காலை வாய்த்தாரி

மட்டாஞ்சேரியில் பொழுது ஒரே குரலில் விடிவதில்லை. சேர்லாயில் கொங்கணியரின் திருமலைக் கோயில் மணியும், பள்ளிவாசலின் பாங்கும், சற்றுத் தொலைவில் ஃபோர்ட் கொச்சியின் தோபிகானாவில் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்துவரும் நம் தமிழ் வண்ணார் மக்கள் கல்லில் துணி அறையும் ஓசையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து இந்தப் பழைய துறைமுகப் பட்டணத்தைத் துயிலெழுப்புகின்றன. இரண்டு வருஷங்களாக என் காலைப் பொழுதில் இவற்றோடு இன்னொரு குரலும் சேர்ந்திருக்கிறது. எட்டு வயதுப் பேத்தியைக் கைப்பிடித்து அழைத்துப்போய், போர்க்கலை பயிற்றும், ஓலை வேய்ந்த ஒரு களரியின் வாசலில் விட்டுவிட்டு, அவள் வெளியே வரும்வரை திண்ணையில் காத்திருக்கும் எனக்கு, உள்ளேயிருந்து குருக்கள் சொல்லும் வாய்த்தாரி கேட்கிறது. (நம் பக்கத்தில் குருக்கள் என்றால் சிவாலயத்து அர்ச்சகர், மலையாள நாட்டில் களரி ஆசானுக்கு அது பட்டம், அந்த ஆசான் இந்துவாயினும் சரி, முஸ்லிமாயினும் சரி.)

வாய்த்தாரி என்பது வாயால் சொல்லும் கட்டளைக் கோவை. காலை எடு, வலிந்து அமர், நிமிர், திரும்பு என்று சீடனின் ஒவ்வோர் அசைவையும் முந்திக்கொண்டு ஆசானின் சொல் போகும். சொல்லைப் பின்பற்றித் தேகம் போகும். அமர்தலும் வலிதலும் நிமிர்தலும் தமிழ்க் காதுக்கு அந்நியமான சொற்கள் அல்லவாகையால், வெளியே உட்கார்ந்திருந்தே பாதிப் பாடத்தை நான் புரிந்துகொண்டுவிட்டேன். ஆனால் அதன் உண்மையான பொருள் எனக்கு விளங்கியது களரி வாசலில் அல்ல. எங்கள் வீட்டுக் கூடத்தில். ஒரு நாள் காலை எவரும் எழுப்பாமலே எழுந்த அந்தக் குழந்தை, தன் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தும்போது உதடு அசைய என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். செவி சாய்த்துக் கேட்டேன். அமர்ந்து, வலிந்து, நிமிர்ந்து என்று குருக்களின் அதே சொற்கள், அதே இழுப்போடு, அவள் குரலில் வந்தன. வெளியில் இருந்த கட்டளை உள்ளே குடியேறிவிட்டிருந்தது. கட்டுப்பாடு என்று நாம் பெயரிட்டு அழைப்பதும், அது குழந்தைகளிடம் இல்லை என்று நித்தமும் அங்கலாய்ப்பதும், இந்தக் குடியேற்றத்தைத்தான் என்பது என் அபிப்பிராயம்.

களரிப்பயற்று என்ற சொல்லில் உள்ள பயற்று நம்முடைய பயிற்றுதான். பயில்தல் என்பதற்கு நம் மொழியில் பழகுதல் என்று மட்டும் பொருளில்லை. தங்குதல், நெருங்குதல், அடிக்கடி நேர்தல் என்ற பொருள்களும் அதற்கு உண்டு. ஓரிடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், அங்கே தங்கி, அதனோடு நெருங்குகிறவன் எவனோ அவனே பயில்கிறவன் என்று ஒரே வினைச்சொல்லில் நம் முன்னோர் சொல்லி வைத்திருக்க, நாம் பயிற்சியை வாங்கி வரக்கூடிய பண்டமாக எண்ணத் தொடங்கிவிட்டோம். கோடை விடுமுறையில் பத்து நாள் முகாம், முடிவில் ஒரு மேடை, மேடையில் ஒரு சான்றிதழ், சான்றிதழோடு ஒரு படம். அதற்கு மறுநாள் அந்தக் குழந்தை எத்தனை மணிக்கு எழுந்தது என்று எவரும் கேட்பதில்லை.

பழைய களரியின் அமைப்பே இந்த அவசரத்துக்கு இடங்கொடாதது. நாற்பத்திரண்டு அடி நீளமும் இருபத்தொரு அடி அகலமும் கொண்டு, கிழக்கு வாசலோடு, தரைமட்டத்துக்குக் கீழே குழியாக வெட்டப்பட்டிருக்கும் அந்தக் கூடத்துக்குள் வலது காலை முதலில் வைத்து இறங்கி, தரையைத் தொட்டு நெற்றியிலும் மார்பிலும் வைத்துக்கொண்டு, தென்மேற்கு மூலையில் ஏழு படிகளாக எழும்பியிருக்கும் பூத்தறையை வணங்கிய பிறகே சீடன் எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடலாம். மேனியெங்கும் எண்ணெய் பூசி, இடுப்பில் நீண்ட கச்சையை இறுக்கிச் சுற்றிக் கட்டி, முதலில் செய்வது கால் வீச்சு: கையைத் தலைக்குமேல் நீட்டி, முழங்கால் மடங்காமல் பாதத்தை எறிந்து உள்ளங்கையைத் தொட வேண்டும். என் பேத்தியின் பாதம் முதல் மாதம் இடுப்புக்குமேல் ஏறவில்லை. ஏழெட்டு மாதங்கள் கழித்து மார்பளவு வந்தது. ஒரு நாள் உள்ளே சடக்கென்று தோலும் தோலும் அறைந்துகொள்ளும் சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்டது. அவள் வெளியே வந்ததும் ஒன்றும் சொல்லவில்லை, சிவந்திருந்த உள்ளங்கையை மட்டும் விரித்துக் காட்டினாள்.

இந்த வித்தையின் படிமுறையைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் சொல்லவந்ததன் சாரம் அதில் இருக்கிறது. முதல் படி மெய்த்தாரி; ஆயுதம் ஏதுமின்றி உடம்பை மட்டும் பழக்குவது. யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, பூனை, சேவல், மயில் என்னும் எட்டு வடிவங்களும் இந்தப் படியில் உடம்பில் ஏறுகின்றன. அடுத்தது கோல்த்தாரி, ஆளுயரத்துக்கு நிற்கும் கெட்டுகாரி, மூன்று சாண் நீளமுள்ள சிறுகோல், வளைந்த ஒற்றைக்கோல் என்று மரத்தாலான ஆயுதங்கள். அதற்குப் பின்புதான் அங்கத்தாரி. கட்டாரி, வாளும் பரிசையும், குந்தம், கடைசியாக இடுப்பில் சுருட்டிக் கட்டத்தக்க உறுமி என்று இரும்பு கைக்கு வருகிறது. இத்தனையும் முடிந்த பிற்பாடு, எல்லாவற்றுக்கும் சிகரமாகக் கற்பிக்கப்படுவது வெறுங்கை. வெறுங்கையில் தொடங்கி வாளில் முடிவதன்றோ கிரமம் என்று எண்ணியிருந்த எனக்கு இது முதலில் வியப்பாயிருந்தது. ஆனால் யோசிக்க யோசிக்க, இதைக் காட்டிலும் விவேகமான பாடத்திட்டம் ஒன்றை எந்தக் கல்விச்சாலையிலும் நான் கண்டதில்லை. வெறுங்கைப் பிரயோகத்தோடு வர்மங்களின் அறிவும் சேர்ந்து வருகிறது. எந்த இடத்தில் தொட்டால் மனிதன் சாய்வான் என்பதையும், சாய்ந்தவனை எந்த இடத்தில் தொட்டு எழுப்பலாம் என்பதையும் ஒருங்கே அறிந்த கை, எந்த வாளைக் காட்டிலும் பயங்கரமானது. வாளைக் கீழே வைத்துவிடலாம், கையைக் கீழே வைக்க முடியாது. ஆகையினால் அந்த அறிவைப் பல வருஷங்கள் தன் கண்முன் உழைத்து, கோபத்தையும் கர்வத்தையும் தன் கண்முன்னேயே கரைத்துக் காட்டிய சீடனுக்கு மட்டுமே ஆசான் அளிக்கிறார். குமரி மாவட்டத்தில் வர்மக்கலை ஆசான்மாரிடமும் இந்த நியமம் இன்றளவும் உண்டு.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலபார்க் கரையில் உத்தியோகம் பார்த்த துவார்த்தே பர்போசா என்ற போர்த்துக்கீசியர், நாயர் சிறுவர்கள் ஏழு வயதில் ஆயுதப் பள்ளிக்கு அனுப்பப்படுவதைத் தம் நூலில் விவரித்திருக்கிறார். அந்தப் பரம்பரை அறுபடாமல் நம் காலம்வரை வந்துவிடவில்லை. ஆங்கிலக் கம்பெனியை எதிர்த்த பழசி ராஜாவின் போராட்டம் 1805-இல் அவர் மரணத்தோடு ஒடுங்கிய காலத்தை ஒட்டி, கம்பெனி அரசாங்கம் மலபாரில் ஜனங்கள் ஆயுதம் தாங்குவதைத் தடுத்தது. களரிகள் பல புல் முளைத்துப் போயின. மறுபடியும் அவற்றைப் பொதுமக்கள் கண்முன் கொண்டுவந்தவர்களில் தலைச்சேரி சி. வி. நாராயணன் நாயர் முதன்மையானவர். இன்று வடகரையில் மீனாட்சி அம்மாள் இருக்கிறார். ஏழு வயதில் களரியில் இறங்கி, எழுபது வயதைத் தாண்டியும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கோல் பிடித்து நின்ற அந்த அம்மையாருக்கு 2017-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. விருதுச் செய்தியைப் பத்திரிகையில் பார்த்த அன்று வியந்த நாம், அதற்கு முந்திய அறுபது வருஷத்துக் காலைப் பொழுதுகளை எண்ணிப் பார்த்தோமா என்பது எனக்குச் சந்தேகம்.

எங்கள் ஊரில் மாலை வேளைகளில் வெளிநாட்டு யாத்திரிகர்களுக்காகக் களரிக் காட்சிகள் நடக்கின்றன. இரும்பில் தீப்பொறி பறக்கிறது. அதை நான் குறைகூற வரவில்லை. அந்தச் சீட்டுப் பணத்தால் அடுப்பெரியும் வீடுகள் உண்டு, அதைக் கண்டு ஆசைப்பட்டுக் களரிக்கு வந்த பிள்ளைகளும் உண்டு. ஆனால் அந்தக் காட்சியையே கலை என்று நம் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. கராத்தே, ஜூடோ முதலிய கீழ்த்திசைக் கலைகளிலும் இதே அபாயம் நேர்ந்திருக்கிறது. 1882-இல் டோக்கியோவில் கோடோகான் பள்ளியை நிறுவிய ஜிகோரோ கானோ தொழிலால் ஒரு கல்வியாளர்; மனிதனைத் திருத்துவதற்கே மல்வித்தையைச் சீரமைத்தவர். இன்றோ பல தெருக்களில் இடுப்புப் பட்டையின் நிறம் மாறுவதே படிப்பின் லட்சியமாகிவிட்டது. பட்டை ஏதுமில்லாத களரியில், தான் எங்கே நிற்கிறோம் என்று சீடனுக்குத் தெரிவிப்பது அவன் உள்ளங்கையைத் தொடும் அல்லது தொடாத அவனுடைய சொந்தப் பாதம் ஒன்றே.

இங்கே லத்தீன் கத்தோலிக்கர்கள் ஆடும் சவிட்டு நாடகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பலகை மேடை அதிரக் காலை மிதித்து ஆடும் அந்தக் கூத்தின் பழைய ஏடுகள் தமிழ் கலந்த நடையில் எழுதப்பட்டவை. அதன் ஆசானுக்கு அண்ணாவி என்றே பெயர். சார்லமேன் சக்கரவர்த்தியின் கதையை நாடகமாக்கியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்பது பரம்பரை வழக்கு. அதில் வேஷம் கட்டுகிறவர்கள் களரி அடவுகளைப் பழகிவிட்டே மேடை ஏறுவார்கள். நாயர் வீட்டுக் களரியும், மாப்பிள்ளை முஸ்லிம் குருக்களின் களரியும், கிறிஸ்தவ அண்ணாவியின் பலகையும் ஒரே கால்வைப்பைக் கற்பித்த இந்தக் கரையில், களரி இன்ன ஜாதிக்கு உரியது, இன்ன மதத்துக்கு உரியது என்று பேசுவது சரித்திரத்துக்குப் பொருந்தாது.

பரீட்சைப் படிப்புக்கு நடுவே தினம் ஒரு மணி நேரத்துக்கு எங்கே போவது என்று கேட்கிற பெற்றோரின் கவலை பொய்க் கவலையல்ல. பட்டணத்துப் பிள்ளைக்குப் பொழுது குறுகித்தான் போயிருக்கிறது. ஆயினும் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்: விடியலில் ஒரு மணி நேரம் தன் உடம்புக்குத் தானே கட்டளையிட்டுப் பழகிய குழந்தையைப் புத்தகத்தின் முன் உட்கார வைக்க அடுத்தவர் கட்டளை வேண்டியதில்லை. பெண் பிள்ளைகள் தற்காப்புக்காக இரண்டு பிடியும் ஓர் அடியும் கற்றுக்கொண்டால் போதும் என்பாரும் உளர். ஆபத்து வேளையில் இரண்டு நாள் பாடம் நினைவுக்கு வருமா? அந்தக் கணத்தில் கை தானாக எழுவதற்கு அது ஆயிரம் காலைகள் எழுந்திருக்க வேண்டும். மெய் கண்ணாதல் என்று களரியில் ஒரு சொல் வழங்குகிறது. உடம்பு முழுவதுமே கண்ணாகி விழித்திருக்கும் நிலை அது. முகாமின் பத்தாம் நாளில் அது வருவதில்லை.

அரசாங்கப் பள்ளிகளின் கூடங்கள் விடியற்காலையில் பூட்டித்தான் கிடக்கின்றன. அவற்றை ஐந்தரை மணிக்குத் திறந்து, அந்தந்த ஊர் ஆசானுக்கு ஒரு மாதச் சம்பளமும் கொடுத்துவிட்டால், விழாக் காட்சிகளுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்குகூட அதற்கு ஆகாது. கேரளத்தில் களரிக்கும், தமிழ்நாட்டில் சிலம்பத்துக்கும் இதைச் செய்யலாம். செய்ய வேண்டும் என்று இரு அரசாங்கங்களையும் வேண்டிக்கொள்கிறேன்.

இடவப்பாதி மழை தொடங்கும்போது களரியில் புதுச் சீடர்களைச் சேர்ப்பது மரபு. சென்ற மழைக்கு எங்கள் தெருவிலிருந்து நான்கு குழந்தைகள் வந்தார்கள். அவர்களில் ஒருத்தியின் தகப்பனார், குடையை மடக்கிக்கொண்டே, எத்தனை மாதத்தில் முடியும் என்று குருக்களிடம் கேட்டார். குருக்கள் எண்ணெய்க் கிண்ணத்தை அந்தக் குழந்தையின் கையில் கொடுத்து, நாளைக்கும் ஐந்தரை மணிக்கு வந்துவிடு என்று சொன்னார்.