"எல்.இ.டி. தானே, எரியட்டும்!"



கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் திட்டுவது உங்களுக்குப் புதிதில்லை, பொறுமையாகப் படியுங்கள்.

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே வசனம் காதில் விழுகிறது. ஆளில்லாத அறையில் நாலு விளக்கு எரியும். "அணைச்சிடலாமேப்பா" என்றால், "எல்.இ.டி. தானே டீச்சர், எரியட்டும்" என்று பதில் வரும். படித்தவர்கள், இன்ஜினியர்கள், ஏன், என்னிடம் கணக்கில் நூறு வாங்கியவர்கள்கூட இதைத்தான் சொல்கிறார்கள். இந்த வசனம் தப்பு. ஏன் தப்பு என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

ஒரு பழைய டியூப் லைட் 40 வாட். அதோடு சோக் 12 வாட் அளவுக்கு இழுக்கும். ஆக 52. ஹாலில் இரண்டு இருந்தால் 104 வாட். தினம் 5 மணி நேரம், 60 நாள் என்றால் 31.2 யூனிட். அதே இடத்தில் 20 வாட் எல்.இ.டி. டியூப் இரண்டு மாட்டினால் 12 யூனிட்டோடு முடிந்துவிடும். நல்ல சேமிப்புதான்.

ஆனால் நாம் செய்தது என்ன? ஃபால்ஸ் சீலிங் போட்டோம். 12 வாட் விளக்கு பதினாறு பதித்தோம். 192 வாட். அதே 5 மணி நேரத்துக்கு 57.6 யூனிட். ஓரத்தில் ஓடும் நீல ஸ்ட்ரிப் விளக்கைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. சிக்கன விளக்கு மாட்டிய வீடு, தாத்தா காலத்து டியூப் லைட் வீட்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு செலவழிக்கிறது. இதற்குப் பெயர் சிக்கனமா?

இது இன்று வந்த வியாதியும் இல்லை. 1865இலேயே ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் இதை எழுதிவிட்டார். வாட்டின் நீராவி இயந்திரம் குறைந்த நிலக்கரியில் ஓடியது. அதனால் நிலக்கரிச் செலவு குறைந்ததா? இல்லை. இயந்திரங்கள் பெருகின, நிலக்கரி இன்னும் அதிகமாக எரிந்தது. பொருள் சிக்கனமானால் மட்டும் போதாது, கையும் சிக்கனமாக வேண்டும்.

"100 யூனிட் இலவசம்தானே" என்பது அடுத்த பதில். 2016இல் வந்த அந்தச் சலுகை ஏழை வீட்டில் விளக்கு எரியட்டும் என்பதற்காக. காலி அறைக்கு வெளிச்சம் காட்ட இல்லை. இன்னொன்றும் கேளுங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரை கொடுத்த குறைந்த விலையும் சேர்ந்தே போய்விடும். 495இல் நிற்கிற வீட்டுக்கும் 505இல் நிற்கிற வீட்டுக்கும் வித்தியாசம் பத்து யூனிட்டின் விலை மட்டும் இல்லை, அதற்கு மேல் இருநூறு ரூபாய்க்கும் அதிகம். அந்தப் பத்து யூனிட் உங்கள் ஹால் கூரையிலேயே இருக்கிறது.

"ஏ.சி. இழுக்காததையா பல்பு இழுத்துடும்?" என்று மருமகன்கள் கேட்பார்கள். சரி மாப்பிள்ளை, ஏ.சி. அதிகம் இழுக்கும், மறுக்கவில்லை. அதனால் பல்பில் வீணாக்கலாம் என்று எந்தக் கணக்கு சொல்கிறது? விளக்கு எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில், சூரியன் மறைந்த பிறகு எரிகிறது. அப்போது கூரைமேல் இருக்கும் சோலார் தகடு உதவாது. அனல்மின் நிலையத்தில் நிலக்கரிதான் எரிய வேண்டும். அந்தச் சாம்பல் எங்கே போகிறது என்று எண்ணூர்க்காரர்களைக் கேளுங்கள். கொசஸ்தலை ஆற்றில் மீன் பிடித்துப் பிழைத்தவர்கள் சொல்வார்கள்.

இனி வாங்குகிற விஷயம். கடைக்குப் போய் "ஒன்பது வாட் பல்பு ஒண்ணு" என்று கேட்கிறீர்கள். வாட் என்பது அது சாப்பிடுகிற அளவு. கொடுக்கிற வெளிச்சத்தின் அளவு லூமன். பழைய 60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 700 லூமன் தந்தது. இன்றைய நல்ல 9 வாட் எல்.இ.டி. 800, 900 லூமன் தருகிறது. தெருவோரம் கூவி விற்கிற பல்பின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 9 வாட் என்று இருக்கும், லூமன் இருக்காது. எவ்வளவு பால் கறக்கும் என்று கேட்காமல், எவ்வளவு புல் தின்னும் என்று மட்டும் கேட்டு மாடு வாங்குவோமா?

அட்டையில் நான்கு விஷயம் பாருங்கள். லூமன் எவ்வளவு. பி.இ.இ. நட்சத்திர முத்திரை இருக்கிறதா. ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணோடு பி.ஐ.எஸ். முத்திரை இருக்கிறதா. உத்தரவாதம் எத்தனை வருடம். பில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். உத்தரவாதம் இருந்தும் பில் இல்லாமல் பல்பைத் தூக்கிப் போடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

"எல்.இ.டி. சீக்கிரம் போயிடுது" என்று புலம்புகிறீர்கள். போவது பெரும்பாலும் எல்.இ.டி. சில்லு இல்லை. அடிப்பாகத்தில் இருக்கும் டிரைவர் என்ற சின்ன மின்சுற்று, சூடு தாங்காமல் போகிறது. காற்றே புகாத கண்ணாடிக் குடுவைக்குள் சாதாரண பல்பை மாட்டினால் அது எப்படி உயிரோடு இருக்கும்?

மஞ்சள் வெளிச்சம் என்றால் கரண்ட் அதிகம் இழுக்கும் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். 9 வாட் எந்த நிறத்திலும் 9 வாட்தான். அட்டையில் 6500 கெல்வின் என்றால் நீலம் கலந்த வெள்ளை, 2700 அல்லது 3000 என்றால் இதமான மஞ்சள். நீல வெளிச்சம் இரவில் தூக்கத்தைத் தள்ளிப்போடும். பிள்ளை படிக்கும் மேசைக்கு வெள்ளை போடுங்கள், படுக்கையறைக்கு மஞ்சள் போடுங்கள்.

வயதானவர்கள் கவனத்துக்கு ஒன்று. அண்ணி, மாமா, உங்களைத்தான். சிக்கனம் என்று சொல்லி இருட்டில் உட்காராதீர்கள். பாத்ரூம் போகும் வழியில் விளக்கில்லாமல் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால், ஆயுசுக்கும் சேமித்த கரண்ட் காசு ஆஸ்பத்திரியில் ஒரு நாளுக்குக் காணாது. அதற்காகப் பழைய ஜீரோ வாட் பல்பையும் வைக்காதீர்கள். பெயர்தான் ஜீரோ, இழுப்பது 15 வாட் வரைக்கும். ராத்திரி 10 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 9 யூனிட். அரை வாட் எல்.இ.டி. இரவு விளக்கு அதே நேரத்துக்கு 0.3 யூனிட். தேவையான இடத்தில் விளக்கு எரியட்டும், விடிய விடிய எரியட்டும். நான் சண்டை போடுவது தேவையில்லாத இடத்து விளக்கோடுதான்.

கடைசியாக, கொஞ்சம் கோபத்தோடு ஒன்று சொல்கிறேன். எல்.இ.டி. மாட்டியதும் பழைய சி.எஃப்.எல்., டியூப் லைட்டை எங்கே போட்டீர்கள்? குப்பைத் தொட்டியில்தானே? அவற்றுக்குள் பாதரசம் இருக்கிறது. ஒரு சி.எஃப்.எல்.லில் சில மில்லிகிராம்தான். ஆனால் ஒரு ஊரே போட்டால்? கொடைக்கானலில் பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் ஏன் மூடப்பட்டது என்பதை அதற்குள் மறந்துவிட்டோமா?

அந்தக் குப்பையைக் கையால் பிரிக்கிற தூய்மைப் பணியாளர்களில் என்னிடம் படித்தவர்கள் இருக்கிறார்கள். உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். உடைந்த கண்ணாடியோடு பாதரச ஆவியையும் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, 'நான் எல்.இ.டி.க்கு மாறிவிட்டேன்' என்று பெருமைப்பட என்ன இருக்கிறது?

பழைய விளக்கை உடைக்காமல் அட்டையில் சுற்றி, 'பாதரச விளக்கு' என்று எழுதித் தனியாகக் கொடுங்கள். மின்னணுக் கழிவு வாங்கும் இடம் இருந்தால் அங்கே சேருங்கள். வீட்டில் உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டு, பிள்ளைகளோடு கால் மணி நேரம் வெளியே இருங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள். கெட்டி அட்டையால் அள்ளி, தூளை ஈரத் தாளால் ஒற்றி எடுத்து, மூடி போட்ட பாட்டிலில் அடையுங்கள்.

வீட்டுப்பாடம் ஒன்று. இன்று ராத்திரி எட்டு மணிக்கு உங்கள் வீட்டில் எரிகிற விளக்குகளை எண்ணுங்கள். ஆள் இருக்கிற அறைகளையும் எண்ணுங்கள். இரண்டு எண்களையும் கீழே பின்னூட்டத்தில் எழுதுங்கள். பொய் எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும், உங்கள் கையெழுத்தைப் பார்க்காமலே.

அன்புடன்,
உங்கள் டீச்சர்