திருச்சி–தஞ்சை ஏரியாவை யார் வாங்குவது?

நவம்பர் பிறந்துவிட்டால் நம் சிற்றிதழ் நண்பர்கள் சிலருக்குக் கோவாக் காய்ச்சல் கண்டுவிடுகிறது. தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2007இல் தொடங்கிய பிலிம் பஜாரால் (2025 முதல் வேவ்ஸ் பிலிம் பஜார் என்று பெயர்) மாற்று சினிமாவுக்குக் கோடம்பாக்கத்திடமிருந்து விடுதலை கிடைத்துவிட்டது, இனி உலகமே நம் சந்தை என்று எழுதுகிறார்கள். எதிர்முனையில் ஒரு கூட்டம், கலையைச் சந்தையில் வைத்து விற்பதா என்று மூக்கைப் பொத்திக்கொள்கிறது. இரு தரப்போடும் எங்களுக்கு உடன்பாடு இல்லை.

இரண்டாம் தரப்பிடம் அதிகம் பேச ஒன்றுமில்லை. தம் கவிதைத் தொகுப்பைச் சென்னைப் புத்தகக் காட்சியில் விற்கத் தயங்காதவர்கள், வீட்டை அடகு வைத்துப் படமெடுத்தவன் மட்டும் துறவியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

முதல் தரப்போடுதான் வழக்கு. அந்தச் சந்தையில் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். பார்வை அறையில் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கணினித் திரையில் வரிசையாகப் படங்களைப் பார்க்கிறார்கள் விழாத் தேர்வாளர்களும் விற்பனை முகவர்களும். இன்னும் எடுக்கப்படாத படங்களுக்கு இணைத் தயாரிப்பாளர் தேடும் பிரிவு தனி. பாதி வெட்டித் தொகுத்த படங்களுக்கு ஆலோசனை சொல்லும் பட்டறை தனி. முகவர் ஒரு படத்தை எடுத்துக்கொண்டால் அதைப் பெர்லினுக்கோ, 1959 முதல் நடந்துவரும் கான் சந்தைக்கோ கொண்டுபோய் நாடு நாடாகப் பிரித்து விற்பார். நாட்டுக்கு நாடு ஒரு குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை, அதாவது எம்.ஜி.

இந்த எம்.ஜி. நமக்குப் புதிதல்ல. தமிழ்த் திரைப்பட வணிகம் நெடுங்காலமாகப் பேசும் மொழி அது. சென்னை, என்.எஸ்.சி., சேலம், கோவை, மதுரை–ராமநாதபுரம், நெல்லை–குமரி என்று பிரித்து வைத்திருக்கும் ஏரியாக்களில் ஒன்று திருச்சி–தஞ்சை. வணிகர் வாயில் ‘டி.டி.’. திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் இருக்கும் எங்கள் துவாக்குடி அந்த ஏரியாவின் நடு வயிறு. ஆனால் கான் சந்தையின் விற்பனைப் பட்டியலில் இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் பல நேரங்களில் ஒரே வரி. பிரான்சுக்கு ஆள் கிடைப்பார், அந்த வரிக்குக் கிடைக்க மாட்டார்.

திலீப்குமாரின் சிறுகதையிலிருந்து அருண் கார்த்திக் எடுத்த ‘நசீர்’ 2020இல் ராட்டர்டாமில் திரையிடப்பட்டு நெட்பேக் விருது பெற்றது. திலீப்குமாரை வரிவரியாகப் படித்த நம்மில் எத்தனை பேர் அதை ஒரு திரையரங்கில் பார்த்தோம்? வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021இல் அதே ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கியது, இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கும் போனது. தமிழ்ப் பார்வையாளனிடம் அது வந்தது 2023 அக்டோபரில், சோனி லைவ் வழியாக, கைபேசித் திரைக்கு. அந்தப் பொட்டல் வெளியை ஆறு அங்குலத்தில் பார்ப்பதற்கா அப்படிப் படம்பிடித்தார்கள்?

திரையரங்கு வரை வந்தவை எவை? ‘காக்கா முட்டை’க்குத் தனுஷும் வெற்றிமாறனும் இருந்தார்கள். ‘மேற்குத் தொடர்ச்சி மலை’க்கு விஜய் சேதுபதி, ‘கொட்டுக்காளி’க்குச் சிவகார்த்திகேயன். அவர்கள் செய்தது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் நட்சத்திரத்தின் கையெழுத்து இல்லாமல் டி.டி. ஏரியாவுக்குள் சிறிய படம் நுழைய முடியாது என்றால், கோவாவில் கிடைத்ததாகச் சொல்லும் விடுதலை எங்கே? (செழியனின் ‘டூ லெட்’ 2019இல் நட்சத்திரத் துணையின்றி வந்தது. அதற்கும் முன்னால் தேசிய விருது தேவைப்பட்டது.)

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று தெரியும். துவாக்குடி தொழிற்பேட்டையின் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் பெரும்பாலானவை பெல் நிறுவனத்தின் கொதிகலன் வேலையை நம்பிப் பிறந்தவை. வரைபடம் பெல்லுடையது, அளவும் பெல்லுடையது. பத்தாண்டுகளுக்கு முன் அனல்மின் நிலைய ஆர்டர்கள் குறைந்தபோது பட்டறைகள் வரிசையாக ஷட்டரை இறக்கின. ஒரே வாடிக்கையாளரை நம்பிய தொழிலின் கதி அது. ஐரோப்பிய நிதியையும் ஐரோப்பிய விழாவையும் மட்டும் எதிர்பார்த்து எடுக்கப்படும் படத்துக்கும் வரைபடம் வேறொருவருடையதாகிவிடும் அபாயம் இருக்கிறது. மதுரைக்குப் பக்கத்துக் கிராமத்தின் கதையை முதலில் ஆங்கிலத்தில் எழுதி, அந்தக் கிராமத்தைப் பார்த்திராத ஆலோசகரிடம் திருத்தம் வாங்க வேண்டியிருக்கிறது. சில இயக்குநர்கள் இதை மீறி நல்ல படம் எடுத்துவிடுகிறார்கள். அது அவர்களின் பிடிவாதத்துக்குக் கிடைத்த வெற்றி, சந்தையின் கொடை அல்ல.

எங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்கிறோம். ஒரு தமிழ்ப் படத்தைத் துவாக்குடியில் கல்யாண மண்டபம் ஒன்றில் திரையிட விரும்பி இயக்குநருக்கு எழுதினோம். மனிதர் மகிழ்ந்துபோனார். ஆனால் திரையிடும் உரிமை அவரிடம் இல்லை, வெளிநாட்டு முகவரிடம் இருந்தது. முகவரின் பதில் மரியாதையாகத்தான் வந்தது, கட்டணம் யூரோவில். நாற்பது பேர் சந்தா போட்டும் அந்தத் தொகை சேரவில்லை. தமிழ்ப் படத்தைத் தமிழ்நாட்டில் தமிழர்கள் பார்க்க அயல்நாட்டு அனுமதி வாங்கும் நிலையை எந்தக் கோட்பாட்டில் சேர்ப்பது என்று பின்காலனியம் பேசும் நண்பர்கள் சொல்லட்டும்.

பிரான்சு நம் படங்களை வாங்க முடிவது ரசனையால் மட்டுமல்ல. அங்கே ஒவ்வொரு டிக்கெட்டிலும் 10.72 சதவிகிதம் வரியாகப் பிடிக்கப்பட்டு சி.என்.சி. என்ற அமைப்பின் வழியாகச் சினிமாவுக்கே திரும்புகிறது. இங்கும் ஜி.எஸ்.டி.க்கு மேல் உள்ளாட்சி கேளிக்கை வரி வசூலாகிறது. போன பணம் சினிமாவுக்குத் திரும்பி வந்ததாகத் தகவல் இல்லை! கேரளத்தில் அரசுக் கழகமே திருவனந்தபுரத்தில் கைரளி, ஸ்ரீ அரங்குகளை நடத்துகிறது, 2024இல் சி ஸ்பேஸ் என்ற இணையத் தளத்தையும் தொடங்கியது. திருச்சியில் அப்படி ஒரு நூறு இருக்கை அரங்கு வேண்டும் என்று நம் எழுத்தாளர்களில் யாராவது ஒரு மனு கொடுத்ததுண்டா? விருதுக்கு வாழ்த்து எழுதுவதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது.

இயக்குநர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். முகவரோடு கையெழுத்திடும்போது தமிழ்நாட்டில் வணிக நோக்கமற்ற திரையிடலுக்கான உரிமையை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய முகவர்கள் அந்தச் சில்லறை உரிமைக்காக ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள மாட்டார்கள். வாசகர்களிடம் கேட்பது டிக்கெட்டுக்கான பணம். டி.டி. ஏரியாவில் திருச்சி, துவாக்குடி, தஞ்சாவூர், கும்பகோணம் என்று நான்கு ஊர்களில் ஊருக்கு நூறு பேர், தலைக்கு நூறு ரூபாய் என்றால் ஒரு படத்துக்கு நாற்பதாயிரம் ரூபாய் சேரும். சிறிய எம்.ஜி.தான், ரூபாயில்தான். முதல் படத்துக்கான மண்டபத்தை நாங்கள் பேசிவைத்திருக்கிறோம்.