பதிவின் விரைவும் சொல்லின் வாய்மையும்

விரைவு நன்று, வாய்மை அதனினும் நன்று. இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்தல் அரிதெனக் கொண்டு, விரைவின்பொருட்டு வாய்மையைக் கைவிடத் துணிதல் இன்று கணினியுலகில் ஆங்காங்கே காணப்படுகின்றது. மெய்நிகர்க் கணினிகளின் வட்டுப் பதிவைப் பற்றி எழும் வாதம் இதற்குத் தக்க சான்றாம். தமிழ் பயில்வார்க்கு இவ்வாதத்தில் இடம் யாதோவெனச் சிலர் வினவக்கூடும். வாதம் ‘பதிந்தாயிற்று’ என்னும் ஒரு சொல்லின் பொருளைப் பற்றியது. ஆதலின் சொல்லாராய்வார்க்கும் அதில் இடமுண்டு.

மெய்நிகர்க் கணினியாவது, ஒரு பெருங்கணினியினுள்ளே மென்பொருளால் அமைக்கப்பட்டுத் தனிக்கணினியே போல் இயங்குவது. அதன் வட்டும் பெரும்பாலும் மெய்யான வட்டன்று. புறக்கணினியிலுள்ளதொரு கோப்பே அதற்கு வட்டாகத் தோன்றும். 2003-இல் பாப்ரிஸ் பெல்லார் வெளியிட்ட கியூஎமு என்னும் மென்பொருளும், 2007-இல் லினக்ஸ் கெர்னலிற் சேர்ந்த கேவிஎம் என்பதும் இத்துறையிற் பெருவழக்குடையன. உள்ளிருக்கும் கணினி ஒன்றைப் பதிய விழையின், தன் கோப்பமைப்பு, போலிக் கருவி, வட்டுக்கோப்பின் அட்டவணை, புறக்கணினியின் கோப்பமைப்பு ஆகிய வாயில்கள் யாவும் கடந்தே அது மெய்வட்டை அடைதல் வேண்டும். வாயில்தோறும் காலம் செல்லும். பதிவு தாமதித்தற்குக் காரணம் இதுவே.

இத்தாமதத்தைக் குறைக்கும் நேர்வழிகள் பல. முதலாவது, மெய்க்கருவியைப் போல நடிக்கும் போலிக் கருவியை விடுத்து, விர்ட்டியோ என்னும் முறையைக் கொள்ளுதல். ரஸ்டி ரஸ்ஸல் 2008-இல் விளக்கியுரைத்த இம்முறையில், உள்ளும் புறமும் பொதுவாயதொரு நினைவகப் பகுதியில் வேண்டுகோள்கள் வரிசையாக வைக்கப்பெறும். ஒருமுறை அறிவித்துப் பல வேண்டுகோள்களை ஒப்படைக்கலாம். இரண்டாவது, கியூகௌ2 வகைக் கோப்புக்களில் இடத்தை முன்னரே ஒதுக்கிவைத்தல். இவ்வகைக் கோப்பு வழக்கமாக 64 கிலோபைட் அளவுள்ள குவைகளாக வளர்வது. புதிய குவை வேண்டும்போதெல்லாம் அட்டவணையையும் திருத்துதல் வேண்டும். முன்னொதுக்கீடு அச்சுமையைக் குறைக்கும். மூன்றாவது, அவ்வட்டவணையை நினைவகத்திற் போதிய அளவு வைத்திருத்தல். குவை ஒன்றுக்கு 8 பைட் ஆதலின், 1 மெகாபைட் அட்டவணை 8 கிகாபைட் வட்டுக்கு அமையும். இவை யாவும் வீண்வேலையைக் குறைப்பன. யாரையும் ஏமாற்றுவன அல்ல.

நிற்க. புறக்கணினி பதிவைத் தன் நினைவகத்திற் சிறிது நேரம் தாங்கிவைத்துப் பின்னர் வட்டில் எழுதுவதும் ஒரு வழி. இதனை ரைட்பேக் என்ப. இதுவும் பொய்யன்று, ஏனெனில், உள்ளிருக்கும் கணினி ‘இதுகாறும் தந்தவற்றை நிலையான இடத்திற் சேர்த்துவிடுக’ என ஃப்ளஷ் கட்டளை இடும்போது, அஃது அவ்வாறே நிறைவேற்றப்படுகின்றது. ஆயின், அன்சேஃப் என வெளிப்படையாகவே பெயரிடப்பெற்ற மற்றொரு முறையில் அக்கட்டளை செவிமடுக்கப்படுவதில்லை. வட்டிற் சேராததும் சேர்ந்ததாகவே விடை கூறப்படும். தாழ்த்தல் பொய்யன்று; தாழ்த்ததை முடித்ததென்றலே பொய்.

‘மின்சாரம் தடைப்படாமற் காக்கும் கருவிகள் உள, பின் அச்சமேன்?’ என்பாருமுளர். மின்தடை ஒன்றே கேடன்று. புறக்கணினியின் கெர்னலே நிலைகுலைந்து நின்றுவிடுதலும் உண்டு. அன்றியும், இழப்பு இறுதிக்கணப் பதிவுகளோடு நில்லாது. கோப்பமைப்பும் தரவுத்தளமும், எதனை முன்னர், எதனைப் பின்னர்ப் பதிதல் வேண்டுமென்னும் முறையை அக்கட்டளையைக்கொண்டே காக்கின்றன. முறை பிறழின் பழைய பதிவுகளும் சிதையலாம். ஒரு மருத்துவமனையின் நோயாளர் குறிப்போ, ஒரு வங்கியின் கணக்கோ அக்கோப்பினுள் இருப்பின், சில விநாடிகளின் ஊதியம் அவ்விழப்பை ஈடுசெய்யுமோ?

2018-ஆம் ஆண்டில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை ஆக்குவோர் ஒன்றைக் கண்டனர். லினக்ஸில் ஒரு பதிவு தவறியபின், எப்சிங்க் என்னும் அழைப்பை மீண்டும் விடுத்தால், தவறிய பதிவு வட்டிற் சேராதிருக்கவும் வெற்றியென விடை வரக்கூடும் என்பதே அது. அவர்கள் அதனை மூடி மறைத்திலர். அத்தகைய பிழை நேரின், இயக்கத்தை நிறுத்தி முன்பதிவேட்டைக்கொண்டு மீளுமாறு தம் மென்பொருளைத் திருத்தியமைத்தனர். இடையறாது ஓடுவதினும் உண்மை பெரிதென அவர் கொண்டமை போற்றத்தக்கது.

சோதனைக்காக ஆக்கி, வேலை முடிந்ததும் அழித்துவிடும் கணினிகளில் அன்சேஃப் முறையைக் கொள்வதை யாம் மறுக்கின்றிலோம். இழத்தற்கு அங்கே ஒன்றுமில்லை. ஆயின் பிறருடைய பதிவுகளைக் காக்கும் இடத்து மூன்று நெறிகள் வேண்டும் என்பது எம் துணிபு. விரைவின் அளவைக் கூறுவோர், எம்முறையில் அளந்தனர் என்பதையும் உடன் கூறுக. மெய்நிகர்க் கணினிகளை வாடகைக்கு விடுவோர், ஃப்ளஷ் கட்டளை தம்மிடத்து மதிக்கப்படுகின்றதா என்பதை வாடிக்கையாளர்க்கு எழுத்து வாயிலாகத் தெரிவிக்க. காப்பற்ற முறை, உடையவர் அறிந்து கேட்டாலன்றி அளிக்கப்படாதொழிக.

‘பதிந்தாயிற்று’ என்பது ஒரு வாக்கு. அதனை நம்பியே ஒருவன் தன் கையிலுள்ள மற்றொரு பிரதியை அழிக்கின்றான். அதனை நம்பியே வங்கி பணத்தைக் கொடுக்கின்றது. ஆதலின் நண்பர்காள், விரைவை வீண்வேலை களைந்து பெறுக. வாக்கைக் களைந்து பெறற்க.