உழவன் கணக்கு உழவன் மொழியில்!



பசுவந்தனையைச் சூழ்ந்த கரிசற்காட்டில் புரட்டாசியில் வானம் பார்த்து விதைக்கும் உழவன், தன் உளுந்துக்கும் பாசிப்பயற்றுக்கும் பருத்திக்கும் அரசு அறிவிக்கும் விலையைக் கேட்டறிவான். அவ்விலை எவ்வாறு கணக்கிடப்பெற்றது என்பதை அறியான். அதற்குக் காரணம் அவன் அறிவுக்குறை அன்று, அக்கணக்கின் மொழி.

நடுவணரசின் வேளாண் செலவு, விலை ஆணையம் உழவுச்செலவை ‘ஏ2’, ‘எஃப்.எல்.’, ‘சி2’ என ஆங்கில எழுத்துகளால் வகுக்கின்றது. விதை, உரம், கூலி முதலியவற்றுக்குக் கொடுத்துத் தீர்த்தது முதலாவது; அதனைக் கைச்செலவு என்போம். கூலி பெறாமல் குடும்பத்தார் உழைத்த உழைப்பின் மதிப்பு அடுத்தது, அது வீட்டுழைப்பு. இவ்விரண்டுடன் சொந்த நிலத்தின் வாரமும் சொந்த முதலின் வட்டியும் சேரின் அது முழுச்செலவு. இவ்வளவே! இதில் கரிசல் உழவனுக்கு விளங்காதது யாது?

செலவுக்கு மேல் பாதியேனும் கூட்டி விலை தருக என்று ம. சா. சாமிநாதன் தலைமையில் அமைந்த உழவர் ஆணையம் 2006-இல் பரிந்துரைத்தது. செலவின் ஒன்றரை மடங்கு தருவதாக 2018-இல் நடுவணரசு அறிவித்தது. ஆயின் அது கொண்ட செலவு, கைச்செலவும் வீட்டுழைப்பும் மட்டுமே. உழவர் அமைப்புகள் கேட்பதோ முழுச்செலவின் ஒன்றரை மடங்கு. முன்னது 100 உருபா, பின்னது 130 உருபா எனக் கொள்வோம். விலை முறையே 150, 195 ஆகும். இடைப்பட்ட 45 உருபா அயல் எழுத்துகளின் மறைவில் போய்விடுகின்றது. மிளகாய்க்கும் கொத்தமல்லிக்கும் அவ்விலைப் பட்டியலில் இடமே இல்லை.

ஊர்க்கணக்கு ஊராரை விட்டுப் பிரிந்தது நேற்றன்று. 1916-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியற் பேராசிரியர் கில்பர்ட்டு சிலேட்டர், தம் மாணவர்களை ஊர்களை ஆராயச் செய்தார். நெல்லையை அடுத்த கங்கைகொண்டானும் அவற்றுள் ஒன்று. 1918-இல் நூல் வெளிவந்தது, ஆங்கிலத்தில்! உழுதவர் வாழ்வை உழுதவர் படிக்க இயலவில்லை.

கோவிற்பட்டியில் 1901 முதல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் உண்டு. கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரி உண்டு. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இளநிலை வேளாண் படிப்பு அண்மை ஆண்டுகளில் தமிழ்வழியும் தொடங்கப்பெற்றது, மகிழ்ந்து வரவேற்கின்றோம். ஆயின் வேளாண் பொருளியலின் மேற்படிப்பும் ஆய்வேடும் ஆங்கிலத்திலேயே நிற்கின்றன. சொல்லில்லை என்பார் பொய்யுரைப்பர். மேல்வாரம், குடிவாரம், குத்தகை, முதல், வட்டி என்று நிலத்தின் உறவுகள் அனைத்தையும் பெயரிட்டு அழைத்த மொழி நம்முடையது.

எனவே கேட்கின்றோம்: வேளாண் பொருளியல் மேற்படிப்பைத் தமிழில் தொடங்குக! ஓரூரைப் பற்றி எழுதப்பெறும் ஆய்வேடு அவ்வூர் மன்றில் தமிழில் படிக்கப்பெறுக! கரிசற்காட்டு உழவர்தம் மக்களே, இப்படிப்பை நாடிச் செல்லுங்கள். விடுப்பில் வரும்போது உங்கள் தந்தையின் முழுச்செலவைத் தமிழில் எழுதித் திண்ணையில் படித்துக் காட்டுங்கள். கணக்கறிந்த உழவனை ஏய்க்க எவ்வரசாலும் இயலாது.