தேய்ந்ததா, தேய்த்தார்களா?

ஆபீஸ் பைல்களில் அடிக்கடி தலைகாட்டும் ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு: 'ட்விண்டில்'. ஆள் எண்ணிக்கை 'ட்விண்டில்' ஆகிவிட்டது, வருமானம் 'ட்விண்டில்' ஆகி வருகிறது என்று குறிப்பு எழுதுவார்கள். சிறுகச் சிறுகக் குறைதல் என்பது பொருள். ஒரே நாளில் மளமளவென்று சரிந்தால் அதற்கு இந்தச் சொல் பொருந்தாது.

இதன் பிறப்பு சுவையானது. 'ட்வைன்' என்ற பழைய ஆங்கில வினைச்சொல், உடல் மெலிந்து வாடுவதைக் குறித்தது. ஸ்காட்லாந்து வழக்கில் அது இன்னமும் உண்டு. அதற்கு ஒரு வால் ஒட்டித்தான் 'ட்விண்டில்' ஆயிற்று. 'ஸ்பார்க்' என்றால் பொறி. வால் ஒட்டிய 'ஸ்பார்க்கிள்' பொறி பொறியாக மின்னுவது. அதுபோலவே இதுவும் மெலிவின்மேல் மெலிவு. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஷேக்ஸ்பியர் எழுதிய 'நான்காம் ஹென்றி' நாடகத்தில், பெருந்தொந்திக்காரன் பால்ஸ்டாப் தான் இளைத்துவிட்டதாகப் புலம்பும்போது இச்சொல்லைத்தான் சொல்கிறான். டச்சு மொழியில் இதற்கு ஓர் உறவுச்சொல் உண்டு. அதன் பொருள், அடியோடு மறைந்து போதல்!

தமிழில் இதற்கு நேரான சொல் 'தேய்தல்'. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் தமிழில் ஒரு வசதி உண்டு. தானாகக் குறைந்தால் 'தேய்ந்தது'. ஒருவர் குறைத்தால் 'தேய்த்தார்'. ஒரே ஓர் ஒற்றெழுத்தில் உண்மை வெளிப்பட்டுவிடும். இன்றைய ஆங்கில வழக்கில் 'ட்விண்டில்' என்றால், எல்லாம் தானாகவே குறைந்ததாகத்தான் அர்த்தம். செய்தவர் பெயருக்கு அங்கே இடமில்லை.

வானத்து நிலா தானாகத் தேயலாம். வேலை இடங்கள் அப்படியா? 1991-இல் இந்திய ரயில்வேயில் சுமார் 16.5 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். 2020-இல் அது சுமார் 12.5 லட்சம். நீராவி எஞ்சின் போனது, கம்ப்யூட்டர் வந்தது. சில வேலைகள் குறைந்தது நியாயமே. ஆனால் ஓய்வு பெற்றவரின் நாற்காலியைக் காலியாகவே விடுவது காலத்தின் செயல் அல்ல. ஒருவர் பேனா பிடித்துப் போட்ட கையெழுத்து. அதன் விளைவு, இரண்டு மேஜை வேலையை ஒரே குமாஸ்தா சுமப்பதும், பரீட்சை எழுதிவிட்டு இளைஞர்கள் காத்துக் கிடப்பதும்.

ஆகவே, இனி ஒரு குறிப்பில் 'ட்விண்டில்' என்று கண்டால், அதைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்ப்பது நல்லது: தேய்ந்ததா, தேய்த்தார்களா? கேட்கவேண்டியவர்கள் கேட்காமல் இருந்துவிட்டால், கடைசியில் டச்சுக்காரர் சொல்லும் பொருள்தான் மிஞ்சும்.